கெண்டைக்கு பைட் அலாரமும் பாபினும்: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

தக்கை போட்டுப் பிடிப்பவருக்குக் கண்ணே அலாரம். அறுபது எழுபது மீட்டருக்கு அப்பால் ஈயத்தைக் குளத்தின் அடித்தரையில் கிடத்திவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருப்பவருக்கு அது உதவாது. இங்கிலாந்துக் குளங்களில் கெண்டை பிடிப்பவர்கள் இதற்காகத்தான் மீன் கடித்தால் ஒலிக்கும் மின்சார அலாரத்துக்கு, அதாவது பைட் அலாரத்துக்குப் போனார்கள். 1952 செப்டம்பரில் ரெட்மையர் குளத்தில் 44 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 20 கிலோ கெண்டையைப் பிடித்த ரிச்சர்ட் வாக்கர் அந்த முயற்சியின் முன்னோடி. இன்றைக்கு அங்கே கெண்டைக்காரர் ஒவ்வொருவரின் கரையிலும் இரண்டு மூன்று அலாரம் நிற்கும்.

கடையில் சத்தம், விளக்கின் நிறம், ரிசீவரின் (அலாரத்தின் சத்தத்தைத் தள்ளி இருந்தே கேட்க உதவும் கருவி) தூரம் எல்லாம் காட்டுவார்கள். அலாரத்துக்குத் தெரிந்ததோ ஒன்றே ஒன்று: தன் மேல் கிடக்கும் தூண்டில் நரம்பு நகர்ந்ததா, இல்லையா. தண்ணீருக்கடியில் மீன் செய்தது அந்த இடம் வரை வந்து சேர்வது நரம்பில் தொங்கும் பாபினின் எடை, நரம்பின் இறுக்கம், தூண்டில் கழியான ராடு நிற்கும் கோணம் ஆகியவற்றைப் பொறுத்தது. அதனால் பட்ஜெட் குறைவாக இருந்தால் நடுத்தர அலாரம் வாங்குங்கள், மிச்சக் காசை நல்ல பாபினில் போடுங்கள். தலைகீழாகச் செய்பவர்களே அதிகம்.

அலாரம்: சக்கரமா, அதிர்வா

சந்தையில் பெரும்பாலானவை சக்கர வகை. நரம்பு ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் கிடக்கும். சக்கரத்தில் பதித்த காந்தங்கள் சுற்றும்போது உணரி அவற்றை எண்ணும். நரம்பு முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் சக்கரம் சுற்றும், அலாரம் அடிக்கும். நல்ல மாடல்கள் இரண்டு திசைக்கும் வெவ்வேறு சுரம் தரும். இந்த ஒரு வசதிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், காரணம் பின்னால் வருகிறது.

இரண்டாவது வகையில் சக்கரம் கிடையாது. நரம்பு உரசும் அதிர்வை பீசோ உணரி பிடிக்கும். சக்கரம் நகராத அளவுக்கு மெல்லிய நடுக்கத்தைக்கூடச் சொல்லிவிடும். உறைபனியில் சக்கரம் ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் இல்லை. ஆனால் காற்றில் நரம்பு ரீங்காரமிடுவதும் அதிர்வுதான். பலத்த காற்றில் உணர்திறனைப் பொறுமையாகக் குறைத்து அமைக்கத் தெரியாதவருக்கு இது ராத்திரி முழுக்கத் தூக்கம் கெடுக்கும் பொருள். முதல் அலாரம் வாங்குபவர் சக்கர வகையையே எடுக்கட்டும்.

வாங்கும்போது கையில் எடுத்து மூன்று விஷயம் பாருங்கள். சக்கரத்தை விரலால் மெல்லச் சுண்டினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது. உணர்திறன், சத்தம், சுரம் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு வேண்டும். இருட்டில், விரல் விறைத்த நிலையில், அந்தப் பொத்தானையோ திருகையோ தடவிக் கண்டுபிடிக்க முடிகிறதா? மூன்றாவது பேட்டரி. 9 வோல்ட் சதுர பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சில மாடல்கள் கேட்கும் குட்டி பேட்டரி குளக்கரைக் கிராமத்தில் கிடைக்காது. அடியில் இருக்கும் திருகு பிரிட்டன், ஐரோப்பா முழுக்க 3/8 அங்குல பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் தரநிலை நுண்மரை) மரைதான், கரையில் நடும் எந்தத் தாங்கு கம்பியிலும் (பேங்க் ஸ்டிக்) ஏறும்.

ரிசீவர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் தூரம் திறந்தவெளியில் அளந்தது. இடையில் மரமும் மேடும் வந்தால் வெகுவாகக் குறையும். அது கூடாரத்துக்குள் தூங்குபவருக்கானது, கடைத்தெருவுக்குப் போய்வருபவருக்கானதல்ல. தூண்டிலை ஆளில்லாமல் விட்டுப்போவது இங்கிலாந்தில் சட்டப்படியும் தப்பு.

பாபின்: எடைதான் விஷயம்

அலாரத்துக்கும் ரீலுக்கும் நடுவில் நரம்பில் தொங்குவது பாபின். நரம்பு முன்னால் போனால் அது ஏறும். மீன் கரையை நோக்கி வந்தால் நரம்பு தளர்ந்து அது விழும். இந்த இரண்டாவது அசைவைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். மீன் இரையை எடுத்து, ஈயத்தையும் தூக்கிக்கொண்டு நம் பக்கம் வந்தால் ரீலின் ஸ்பூலில் இருந்து ஒரு சாண் நரம்புகூடப் போகாது. தளர்ந்த நரம்பை ராடின் எல்லா வளையங்களின் வழியாகவும் பின்னுக்கு இழுக்க பாபினுக்கு எடை வேண்டும். 5 கிராம் பாபின் 80 மீட்டர் நரம்பின் தொய்வை இழுக்காது, சும்மா நிற்கும், அலாரமும் மௌனம். மீன் அதற்குள் ஹூக்கை உதறிவிட்டுப் போயிருக்கும்.

அதற்காக எப்போதும் கனமானதையே தொங்கவிடுவதும் தப்பு. கரையோரம் 15 மீட்டரில் தெளிந்த தண்ணீர், தளர்வாகத் தரையோடு தரையாகக் கிடக்கும் நரம்பு என்றால், 40 கிராம் பாபின் அந்தத் தொய்வை எல்லாம் உறிஞ்சி நரம்பைத் தந்தியாக்கிவிடும். இறுகிய நரம்பு தரையை விட்டு எழும். கெண்டையின் துடுப்பு அதில் உரசினால் அந்த இடத்தையே விட்டு ஓடும்.

நடைமுறைக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். 30 மீட்டருக்குள், தளர்ந்த நரம்பு: 5 முதல் 10 கிராம். 30 முதல் 70 மீட்டர், அரைத் தளர்வு: 15 முதல் 25. அதற்கு மேல், இறுக்கமாக: 30 முதல் 50. பின்னிய நரம்பான பிரெய்டு நீளாது, சின்ன அசைவையும் அப்படியே கடத்தும். அதில் ஒரு படி குறைத்தாலும் போதும். நைலான் நீளும். நீண்ட தூரத்தில் மீன் சில சென்டிமீட்டர் நகர்ந்ததை அந்த நீட்சியும் தொய்வும் சேர்ந்து விழுங்கிவிடும், அதனால்தான் தூரம் கூடக் கூட எடையும் இறுக்கமும் கூட வேண்டியிருக்கிறது. ஃபுளோரோகார்பன் நரம்பு கனமானது, தானே மூழ்கும். கரையோரத் தளர்நரம்புக்கு அதற்கு ஈடில்லை.

வடிவம் மூன்று விதம். சங்கிலியில் தொங்குவது எளியது, நுட்பமானது, ஆனால் பக்கக்காற்றில் ஊஞ்சலாடும். மெல்லிய கயிற்றில் தொங்குவது அதைவிட லேசு, கரையோரத்துக்கு மட்டும். ஸ்விங்கர் என்பது விறைப்பான கம்பியில் நகரும் எடை கொண்டது. எடையைத் தலைப்பக்கம் (நரம்பைக் கவ்வும் முனை) தள்ளினால் நரம்பில் கனம் கூடும், அலாரத்தின் பக்கம் தள்ளினால் குறையும். காற்றில் அசையாது. ஒரே ஒரு செட் வாங்குவதென்றால் ஸ்விங்கர். எடை சேர்க்கத் தனி உருளைகள் கிடைக்கும் மாடலாகப் பாருங்கள். தலையின் நிறத்தை அலாரத்தின் விளக்கு நிறத்தோடு பொருத்தி வாங்கினால் தூக்கக் கலக்கத்தில் தவறான ராடைச் சுண்ட (ஹூக் தைக்க வெடுக்கென்று தூக்க) மாட்டீர்கள்.

ராடு நுனியில் மாட்டும் மணியைப் பற்றி ஒரு வார்த்தை. நுனி ஆடினால் மட்டுமே அது அடிக்கும். மீன் நம் பக்கம் வந்தால் ஒன்றும் சொல்லாது. திலேப்பியாவுக்குப் போதும்.

ஊட்டி ஏரிக்கு 1939இல் இலங்கையிலிருந்து வந்த கண்ணாடிக் கெண்டைக்கும் தரையில் மேயும் மிருகாலுக்கும் இந்த ஏற்பாடு அப்படியே பொருந்தும். கட்லா மேல்மட்டத்தில் தின்னும் மீன், அதற்குத் தக்கைதான்.

மாட்டும் முறை

எறிந்ததும் ஈயம் தரையைத் தொடும் வரை நரம்பை விரலில் பிடியுங்கள். "டொக்" என்று ராடில் தெரிந்த பிறகு, நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நரம்பை மூழ்கவிடுங்கள். பிறகு ராடை அலாரத்தின் மேல் வையுங்கள். நுனி ஈயத்தை நேராகப் பார்த்திருக்க வேண்டும். மூன்று ராடையும் ஒரே ஸ்டாண்டில் இணையாக அடுக்கிவிட்டு, இரைகளை இடது, நடு, வலது என்று விசிறியாக எறிவது அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஓரத்து ராடுகளில் நுனியருகே நரம்பு மடங்குகிறது, மீன் இழுத்தால் முதலில் நுனிதான் வளையும், அலாரத்துக்குச் சேதி தாமதமாக வரும். தனித்தனி பேங்க் ஸ்டிக் நட்டால் இந்தப் பிரச்சினை இல்லை.

இப்போது உட்கார்ந்து, கண்ணை அலாரத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். நரம்பு சக்கரத்தைத் தொடுகிறதா? ராடின் முதல் வளையம் பெரியது. அலாரம் அதற்கு நேர் கீழே வந்தால், வளையம் நரம்பைச் சக்கரத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தரத்தில் நிற்கும் நரம்பு எவ்வளவு ஓடினாலும் சக்கரம் சுற்றாது. அலாரத்தை ரீல் பக்கமாக ஓரிரு கை அளவு நகர்த்தி, பாபினின் எடை நரம்பைச் சக்கரத்தில் அழுத்தும்படி வையுங்கள். "அலாரம் கெட்டுப்போச்சு" என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோகும் முன் இதை ஒரு முறை சோதியுங்கள்.

ஐந்து நிமிடம் பொறுத்து, நரம்பு படிந்த பிறகு பாபினை மாட்டுங்கள். தரைக்கும் ராடுக்கும் நடுவில் அது நிற்க வேண்டும், மேலே ஏறவும் கீழே விழவும் இடம் இருக்கும்படி. சங்கிலி முழுதாக நீண்டு தொங்கினால் விழ இடமில்லை. ராடை ஒட்டி நின்றால் ஏற இடமில்லை. பாபின் தலையில் நரம்பைக் கவ்வும் இடுக்கி இருக்கும். நரம்பு அதனுள் தடையின்றி வழுக்க வேண்டும், ராடைத் தூக்கிச் சுண்டும்போது பட்டென்று விடுபடவும் வேண்டும். பிரெய்டு மெல்லியது என்பதால் தளர்ந்த இடுக்கியிலிருந்து நழுவிவிடும், கொஞ்சம் இறுக்குங்கள். நைலானுக்கு அதே இறுக்கத்தை விட்டுவைத்தால் நரம்பு நசுங்கும்.

கடைசியாகச் சோதனை. அலாரத்துக்கு முன்னால் நரம்பை இரண்டு விரலால் ஒரு சாண் இழுங்கள்: அலாரம் அடிக்க வேண்டும், பாபின் ஏற வேண்டும். விடுங்கள்: அடித்துக்கொண்டே இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் எடை போதவில்லை, அல்லது எங்கோ நரம்பு சிக்கியிருக்கிறது. ஸ்பூல் கையால் இழுத்தால் நரம்பு விடும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். அருகில் வேர், மரக்கிளை இருந்தால் மட்டும் ஸ்பூலை இறுக்கிப் பூட்டி, ராடைக் கவ்விப் பிடிக்கும் காதுகளை அலாரத்தில் மாட்டி, ஒரு கை நீட்டும் தூரத்திலேயே உட்காருங்கள்.

சத்தத்தைப் படிப்பது

விடாமல் கூவினால் யோசிக்க ஒன்றுமில்லை. 60 முதல் 110 கிராம் ஈயத்தின் கனத்தில் ஹூக் ஏற்கெனவே தைத்திருக்கும். ராடைத் தூக்கினாலே போதும், ஓங்கிச் சுண்ட வேண்டியதில்லை.

பாபின் மெல்ல ஏறி, அதே மெதுவில் பழைய இடத்துக்கு வந்தால் பெரும்பாலும் மீன் நரம்பில் மோதியிருக்கிறது. சுண்டாதீர்கள், இரையைச் சுற்றி மீன் இருக்கிறது என்ற நல்ல சேதி அது. அடிக்கடி வந்தால் நரம்பைத் தளர்த்தி பாபினின் எடையைக் குறையுங்கள். ஒரே ஒரு "பீப்", பாபின் ஒரு விரற்கடை ஏறி அங்கேயே நின்றுவிட்டால் அது வேறு கதை: மீன் இரையோடு தலையை ஆட்டுகிறது என்று சந்தேகப்பட வேண்டும், கை ராடின் அருகில் இருக்கட்டும். பாபின் பொத்தென்று விழுந்தால் வேகமாக ரீலைச் சுற்றி, கனம் தட்டுப்பட்ட பிறகே ராடைத் தூக்குங்கள். தளர்ந்த நரம்பில் சுண்டுவது காற்றைச் சுண்டுவதுதான். திசைக்கொரு சுரம் இங்கேதான் உதவும்: இருட்டில் கண் திறக்கும் முன்பே மீன் வருகிறதா போகிறதா என்று காது சொல்லிவிடும்.

நுனி ஆடுகிறது, அலாரம் மட்டும் பேசவில்லை என்றால் நரம்பு எங்கோ மாட்டியிருக்கிறது. பாபின் இடுக்கியையும் ரீலின் நரம்புக் கவ்வியையும் பாருங்கள். தூரம் குறிக்க அந்தக் கவ்வியில் மாட்டிவிட்டு எடுக்க மறப்பது வாடிக்கை. பெரிய மீன் என்றால் ராடே தண்ணீருக்குள் போகும்.

உணர்திறனை எப்போதும் உச்சத்தில் வைப்பவர்கள் ஒரு மணி நேரத்தில் அலாரத்தைக் காதில் போட்டுக்கொள்வதை நிறுத்திவிடுவார்கள். தளர்நரம்பில், அமைதியான தண்ணீரில் உயர்த்துங்கள். காற்று எழுந்தால் முதலில் நுனியை நீர்மட்டத்துக்குத் தாழ்த்துங்கள்; அதற்கும் அடங்காவிட்டால்தான் உணர்திறனைக் குறையுங்கள். ஓடும் ஆற்றில் குப்பை நரம்பில் சேரும், அங்கே நுனியை உயர்த்தி, உணர்திறனை நன்றாகக் குறைத்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தின் இடுக்கை நல்ல தண்ணீரிலும் மென்மையான பிரஷ்ஷிலும் கழுவுங்கள். காய்ந்த இரைமாவும் மணலும் அங்கேதான் சேரும். எண்ணெய் விட வேண்டாம், மணலை அது பிடித்து வைக்கும். ஈரத்தோடு உறைக்குள் மூடி வைத்தால் உள்ளே நீர் பூத்து மின்தகடு பச்சை பிடிக்கும். ஒரு ராத்திரி திறந்து உலரவிடுங்கள். சீசன் முடிந்தால் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள்.