எமோஜிச் சேர்க்கைகளைப் படிப்பதும் அனுப்புவதும்

2017-இல் இஸ்ரேலில் ஒரு தீர்ப்பு வந்தது. வாடகைக்கு வீடு தேடிய ஒரு தம்பதி, "வீடு பிடித்திருக்கிறது, விவரம் பேசலாம்" என்ற தோரணையில் வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினார்கள். கூடவே 💃👯✌️☄️🐿️🍾 என்று ஒரு வரிசை. அதை நம்பி அவர் விளம்பரத்தை எடுத்துவிட்டார். அவர்களோ கொஞ்ச நாளில் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தம் ஏதும் ஆகவில்லை என்றாலும், அந்த எமோஜிகள் காட்டிய உற்சாகம் வீட்டுக்காரரை நம்பவைத்தது என்று சொல்லி, 8,000 ஷெக்கல் கொடுக்கும்படி நீதிபதி உத்தரவிட்டார்.

அணிலுக்கும் வால்மீனுக்கும் அந்த வீட்டோடு என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆறும் சேர்ந்து நின்றபோது வந்த குதூகலம்தான் அங்கே பொருள். எமோஜிச் சேர்க்கையை ஒவ்வொரு படமாகப் பிரித்து அகராதி பார்த்தால் பாதி நேரம் தப்பாகத்தான் போகும். அவை எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

பள்ளியில் படித்த இலக்கணம் இங்கே கைகொடுக்கும். 😂😂😂 என்பது அடுக்குத்தொடர் மாதிரி: ஒன்றை மட்டும் விட்டாலும் பொருள் நிற்கும், அடுக்கினால் அழுத்தம் கூடும். 👉👈 என்பது இரட்டைக்கிளவி மாதிரி: பிரித்தால் பொருள் போய்விடும். இரண்டு ஆள்காட்டி விரல்களும் நுனியோடு நுனி தொடுகிற அந்த ஜோடிக்கு "கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்" என்று அர்த்தம். முன்னால் 🥺 சேர்ந்தால் கெஞ்சல். இடம் மாற்றி 👈👉 என்று போட்டால் விரல்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடும், கூச்சமும் காணாமல் போகும். 👁️👄👁️ என்பதும் பிரிக்கக் கூடாத வகைதான்: வாயடைத்துப்போய் வெறித்துப் பார்ப்பது.

மூன்றாவது வகை, காட்சி. ✈️🏠 என்றால் வீட்டுக்கு வருகிறார், 🏠✈️ என்றால் வீட்டிலிருந்து கிளம்புகிறார். இடமிருந்து வலமாக, நடக்கும் வரிசையில் படியுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. 🏃, 🚶 ஆகியவை பெரும்பாலான போன்களில் இடப்பக்கம் பார்த்தே இருக்கும். 🏃🚪 என்று போட்டால் ஆள் கதவுக்கு முதுகைக் காட்டி ஓடுவார். கதவை நோக்கி ஓட வேண்டுமென்றால் 🚪🏃 என்று போடுங்கள். வலப்பக்கம் பார்க்கும் உருவங்கள் 2023-இல் வந்த எமோஜி 15.1 பதிப்பில்தான் சேர்ந்தன. பழைய போனில் அவை ஆளும் அம்புக்குறியுமாகப் பிரிந்து தெரியும்.

புரியாத சேர்க்கை ஒன்று வந்தால் முதலில் அதில் முகம் இருக்கிறதா என்று பாருங்கள். பொருட்கள் விஷயத்தைச் சொல்லும், முகம் தொனியைச் சொல்லும். 🎉😭 என்றால் ஆனந்தக் கண்ணீர், 🎉🙃 என்றால் "இதைக் கொண்டாட வேறு வேண்டுமாக்கும்" என்ற கசப்பு. முகமே இல்லையென்றால் முன்னால் இருக்கும் சொற்களிலிருந்துதான் தொனியை எடுக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அதே ஆள் முன்பு அதை எங்கே போட்டார் என்று மேலே தள்ளிப் பாருங்கள். அவரவருக்கு ஒரு பழக்கம் இருக்கும்.

அதிகம் குழப்புவது சிரிப்பும் அழுகையும்தான். இளைஞர்களிடம் 😭, 💀 இரண்டும் "சிரித்தே செத்தேன்" என்று பொருள்படும். 😭💀 சேர்ந்து வந்தால் உச்சம். பெரியவர்கள் பலர் 😂 முகத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் துளிகளைப் பார்த்து, சின்னத் திரையில் அதை அழுகை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். துக்கச் செய்தியின் கீழே 😂😂 விழுவது இப்படித்தான். அனுப்பியவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, உடனே சண்டைக்குப் போகாதீர்கள், தனியே சொல்லுங்கள். துக்கத்துக்கு முகமே வேண்டாம். இரண்டு வரி எழுதி 🙏 போட்டால் போதும்.

அந்த 🙏 கூடத் துணையைப் பொறுத்து மாறும். 🙏😊 நன்றி, 🙏🥺 வேண்டுகோள், 🙏😂 "ஆளை விடுங்க சாமி". 👀🍿 என்றால் அடுத்தவர் சண்டையை வேடிக்கை பார்ப்பது. 🚩🚩🚩 என்றால் "இந்த ஆள் சரியில்லை, உஷார்". ஏதோ சொல்லிவிட்டுக் கடைசியில் 🚶🚶 வந்தால், சொன்னதைச் சொல்லிவிட்டு நைசாக நழுவுகிறார். 🤝 இரண்டு பெயர்களுக்கு நடுவே வந்தால், சம்பந்தமில்லாத இருவர் ஒரே விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்.

ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தவற்றைப் படத்தை வைத்து ஊகிக்க முடியாது. 🧢 ஏன் பொய்? தொப்பிக்கு ஆங்கிலத்தில் 'கேப்', ஆங்கிலக் கொச்சையில் 'கேப்' என்றால் பொய். அதனால் 🚫🧢 என்பது "சத்தியமாச் சொல்றேன்". 🐐 என்பது 'எல்லாக் காலத்துக்கும் மிகச் சிறந்தவர்' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள், அவை சேர்ந்தால் GOAT, அதாவது ஆடு. 🐐👑 வந்தால் மகிழுங்கள். 🐐🔪 வந்தால் அது நம்ம ஊர்ப் பலியாடு.

🍆, 🍑, 💦 மூன்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் பாலியல் பொருள்தான். காய்கறிப் பட்டியலாக நினைத்து அலுவலகக் குழுவில் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகளின் போனில் ❄️, 🔌, 🍁 போன்றவற்றைப் பார்த்துப் பதறும் பெற்றோர் உண்டு. அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமை 2021-இல் வெளியிட்ட பட்டியலில் ❄️ கொக்கைன், 🔌 விற்பவர் என்று இருப்பது உண்மை. ஆனால் எமோஜியை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது, நடத்தை மாற்றத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்று அதே பட்டியல் சொல்கிறது. குளிர்காலத்தைப் பற்றிய பேச்சில் ❄️ வெறும் பனிதான்.

நீங்கள் அனுப்பும்போது கவனிக்க வேண்டியது வேறு. ஒரே படமாகத் தெரியும் சில எமோஜிகள் உண்மையில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியால் ஒட்டப்பட்டவை. ❤️‍🔥 என்பது ❤️, 🔥 இரண்டின் ஒட்டு. 2020-க்கு முந்தைய மென்பொருள் உள்ள போனில் அது ❤️🔥 என்று பிரிந்து தெரியும். பொருள் கெடாது. ❤️‍🩹 பிரிந்தாலும் இதயமும் பிளாஸ்திரியுமாகத் தேறிவிடும். புத்தம் புதிய எமோஜி என்றால் வெறும் கட்டம்தான் வரும். எதிரில் இருப்பவர் பழைய போன் வைத்திருந்தால் பழைய எமோஜிகளையே சேர்த்துப் போடுங்கள்.

ஜிபோர்டு விசைப்பலகையில் 2020 முதல் இரண்டு எமோஜிகளைக் கலந்து புது உருவம் செய்யலாம். அது ஸ்டிக்கராகத்தான் போகும். எழுத்துக்கு நடுவே வைக்க முடியாது, தேடினாலும் அகப்படாது.

எத்தனை போடலாம்? மூன்று என்பது நல்ல அளவு. தனியாக ஒன்று முதல் மூன்று வரை அனுப்பினால் வாட்ஸ்அப் பெரிதாகக் காட்டும், அதற்கு மேல் போனால் சிறுத்துவிடும். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் ஒவ்வொரு எமோஜியின் பெயரையும் வாய்விட்டு வாசிக்கும். சொல்லுக்குச் சொல் நடுவே 👏 போட்டால் அவர்களுக்கு வாக்கியமே பிடிபடாது, கடைசியில் வையுங்கள். குறுஞ்செய்தியில் தமிழுக்கு ஒரு செய்திக்கு 70 இடம்தான். சாதாரண முகம் 2 இடம் எடுக்கும், 👨‍👩‍👧 மாதிரி ஒட்டுக் குடும்பம் 8 இடத்தைத் தின்றுவிடும்.

📅 படத்தைத் தேதிக்குப் பதிலாகப் போடாதீர்கள். ஆப்பிள் போன்களில் அதில் ஜூலை 17 என்றுதான் எழுதியிருக்கும்.

பணமோ கையெழுத்தோ சம்பந்தப்பட்ட இடத்தில் எமோஜியைத் தனியாக விடவே விடாதீர்கள். கனடாவில் ஒரு விவசாயிக்கு ஆளி விதை ஒப்பந்தத்தின் படத்தை அனுப்பி உறுதிசெய்யச் சொன்னார்கள். அவர் 👍 மட்டும் போட்டார். கிடைத்தது என்ற பொருளில்தான் போட்டேன் என்று அவர் சொன்னதை 2023-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. விதையைக் கொடுக்காததற்கு 82,000 கனடா டாலருக்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று. அப்படி ஏதாவது வந்தால் "கிடைத்தது, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று முதலில் எழுதுங்கள். 👍 வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் வரட்டும்.