கோலாலம்பூரிலிருந்து பாங்காக்குக்கு ரயிலில்: பாடாங் பெசாரிலிருந்து திட்டமிடுங்கள்

இந்த வழியில் நேரடி ரயில் கிடையாது. பினாங்கை அடுத்த பட்டர்வொர்த்திலிருந்து பாங்காக் வரை ஓடிய ரயிலும் 2016இல் நின்றுவிட்டது. இப்போது மலேசிய ரயில் ஒன்று, தாய்லாந்து ரயில் ஒன்று. இரண்டும் சந்திப்பது மலேசியாவின் பெர்லிஸ் மாநிலத்தில், தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசாரில். பயணச்சீட்டுகள் தனித்தனி என்பதால், முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் நஷ்டம் உங்களுடையதுதான்.

அதனால் தாய்லாந்துச் சீட்டை முதலில் வாங்குங்கள். பாங்காக் செல்லும் 46ஆம் எண் இரவு ரயிலில் பாடாங் பெசாரிலிருந்து புறப்படும் படுக்கைப் பெட்டிகள் மிகக் குறைவு. விடுமுறைக் காலத்தில் சட்டென்று தீர்ந்துவிடும். பதிவு செய்யும்போது நிலையத்தின் பெயரைக் கவனியுங்கள். எல்லைக்கு அப்பால் சிறிது தூரத்தில் 'பாடாங் பெசார் (தாய்)' என்று இன்னொரு நிலையம் உண்டு. குடிநுழைவுச் சோதனை மலேசியப் பக்க நிலையத்தில்தான் நடக்கிறது. நீங்கள் ஏற வேண்டியதும் அங்கேதான். கீழ்ப்படுக்கைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்: அகலம் அதிகம், ஜன்னலும் உண்டு.

46இல் இடம் இல்லையென்றால் பயணத்தைக் கைவிட வேண்டாம். பாடாங் பெசாரிலிருந்து தாய்லாந்தின் ஹட்யாய் நகருக்கு நாளுக்கு இரண்டு சிறு ரயில்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம், சீட்டு நிலையத்திலேயே கிடைக்கும். ஹட்யாயிலிருந்து பாங்காக்குக்கு வேறு இரவு ரயில்களும் உண்டு.

அடுத்து மலேசியச் சீட்டு. கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ். எனப்படும் விரைவு மின்ரயில் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் பாடாங் பெசார் சேரும். தாய்லாந்து ரயில் புறப்பட இரண்டு மணி நேரமாவது இருக்கும்படி வந்து சேருங்கள். இ.டி.எஸ். நிறைந்துவிட்டால் பட்டர்வொர்த் வரை வேறு வழியில் போய், அங்கிருந்து முன்பதிவு தேவையில்லாத கொமுட்டர் என்ற உள்ளூர் ரயிலில் ஏறலாம்.

நேரக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். தாய்லாந்து மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. ஒவ்வொரு சீட்டிலும் அந்தந்த நாட்டு நேரமே இருக்கும். போகும்போது இதை மறந்தாலும் பரவாயில்லை: தாய்லாந்து நேரம் 5 மணி என்பது மலேசியாவில் 6 மணி, ஒரு மணி நேரம் கூடுதலாகக் காத்திருப்பீர்கள், அவ்வளவே. திரும்பும்போதுதான் ஆபத்து. தாய்லாந்து ரயில் காலை 8 மணிக்கு வருகிறது என்று பார்த்து 8:30 இ.டி.எஸ். சீட்டு வாங்கினால், நீங்கள் இறங்கும்போது மலேசியாவில் மணி 9. உங்கள் ரயில் போயிருக்கும். எல்லையருகே கைப்பேசி எந்த நாட்டுக் கோபுரத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. கைக்கடிகாரத்தை நம்புங்கள்.

தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் அனைவரும் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் இது கட்டாயம். வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. மலேசியர், சிங்கப்பூரர் அல்லாதவர்கள் திரும்பும் வழியில் மலேசியாவின் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டியிருக்கும். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சீட்டிலுள்ள பெயரும் அதிலுள்ளபடியே இருக்கட்டும். மின்சிகரெட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தாய்லாந்தில் அதற்குத் தடை.

பாடாங் பெசாரில் இரு நாட்டுச் சோதனையும் ஒரே கட்டடத்தில்: முதலில் மலேசிய வெளியேற்ற முத்திரை, அடுத்து தாய்லாந்து நுழைவு முத்திரை, பிறகு நடைமேடை. மாடியிலுள்ள கேண்டீனில் சாப்பிட்டு, தண்ணீரும் இரவு உணவும் வாங்கிக்கொண்டு வரிசைக்குப் போங்கள். முத்திரை விழுந்தபின் திரும்ப வர முடியாது. தாய்லாந்துப் பணமான பாட் சிறிதளவு முன்கூட்டியே மாற்றி வையுங்கள்.

குளிரூட்டப்பட்ட பெட்டியில் இரவு நன்றாகவே குளிரும், விளக்கும் அணையாது. ஒரு ஜாக்கெட்டும் கண்மறைப்பும் கைப்பையிலேயே இருக்கட்டும். மறுநாள் காலை நீங்கள் இறங்குவது பாங்காக்கின் குருங் தெப் அபிவாட் நிலையத்தில். தொலைதூர ரயில்கள் 2023 ஜனவரியில் பழைய ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து இங்கே மாறிவிட்டன. விடுதி தேடும்போது இந்த நிலையத்திலிருந்து தூரத்தைப் பாருங்கள்.