ஸ்வால்பார்ட் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு விமானம் ஏறும் முன்பே நடந்துவிடுகிறது. ஸ்வால்பார்ட், நார்வேக்குச் சொந்தமான ஆர்க்டிக் தீவுக்கூட்டம். 1920-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அங்கே போக விசா வேண்டாம் என்று எங்கோ படித்துவிட்டு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். தீவுகளுக்கு வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் வழக்கமான விமானங்கள் நார்வே வழியாகத்தான் போகின்றன. நார்வே, ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் இருக்கிறது. ஸ்வால்பார்ட் அதற்கு வெளியே. ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்காரர் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என இரண்டு தடவை ஷெங்கனுக்குள் நுழைகிறார். ஒரே நுழைவுக்கான விசா போதாது.

பழங்குடிகளைத் தேடவும் வேண்டாம். இங்கே அப்படி யாரும் இருந்ததில்லை. திமிங்கில வேட்டைக்காரர்கள் வந்தார்கள், பிறகு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். இன்று முக்கிய ஊரான லாங்யியர்பியனில் சுமார் 2,500 பேர், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டவர். தாய்லாந்து, பிலிப்பைன்ஸ்காரர்கள் நிறையப் பேர். விடுதியிலும் அருங்காட்சியகத்திலும் வாசலிலேயே காலணியைக் கழற்ற வேண்டும். கரித்தூள் உள்ளே வராமலிருக்கச் சுரங்கக்காரர்கள் தொடங்கிய வழக்கம். நமக்கு இது புதிதல்ல, ஐரோப்பியர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

“இங்கே சாவது சட்டப்படி குற்றம்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையை ஊர்க்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்குக் கேட்டு அலுத்துப்போயிற்று. அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. உறைநிலம் சவப்பெட்டியை மெல்ல மேலே தள்ளிவிடும் என்பதால் சவப்பெட்டியோடு புதைப்பதை நிறுத்தி எழுபது ஆண்டுக்கு மேலாகிறது. சாம்பல் கலசத்துக்கு அனுமதி கேட்கலாம். முதியோர் இல்லம் கிடையாது. ஆகவே வயதானவர்கள் நார்வேயின் பெருநிலத்துக்குப் போய்விடுகிறார்கள். பிரசவத்துக்கும் அங்கேதான்.

கரடி விஷயத்தில்தான் ஆசை கண்ணை மறைக்கிறது. துருவக் கரடியைத் தேடிப் போவதும் பின்தொடர்வதும் சட்டவிரோதம். 2025 முதல் குறைந்தது 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். தற்காப்புத் துப்பாக்கி கையில் இருக்கிறது என்ற தைரியமும் தவறு. கரடியைச் சுட்டால் ஆளுநர் அலுவலகம் விசாரிக்கும். (பென்குயின் எங்கே என்று கேட்பவர்களுக்கு: வேறு துருவம்.)

கோடையில் கரடியைவிட ஆலாப் பறவைதான் உங்களைத் தாக்க வாய்ப்பு அதிகம். தரையில் முட்டையிடும் ஆர்க்டிக் ஆலா, கூட்டை நெருங்கினால் தலையைக் குறிவைத்துக் கொத்தும். தலைக்கு மேல் ஒரு குச்சியைத் தூக்கிப் பிடியுங்கள். உயரமான முனையைத்தான் அது தாக்கும். அப்படியே பின்வாங்குங்கள்.

கரையில் கிடப்பதைக் குப்பை என்று நினைத்து எடுப்பதும் தவறு. 1946-க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும், துருப்பிடித்த ஆணி உட்பட, பாதுகாக்கப்பட்ட பொருள். பழைய வேட்டைக் களங்களில் கிடக்கும் திமிங்கில எலும்பைக் குனிந்து பாருங்கள். சுற்றிலும் வெறும் கூழாங்கல்லாக இருக்க, எலும்பை ஒட்டி மட்டும் பாசி பச்சைத் திட்டாக அடர்ந்திருக்கும். நூற்றாண்டுகளாக அந்த எலும்பிலிருந்து கசியும் சத்துதான் அதற்கு உரம். படம் எடுக்கும் அவசரத்தில் அந்தப் பாசியை மிதித்துவிடாதீர்கள்.