சின்ன அறைக்கு புரொஜெக்டர் திரை எத்தனை அங்குலம்?

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சொந்தக்காரர் ஒரு புரொஜெக்டரைக் கையில் தந்துவிட்டால், அடுத்த கேள்வி திரை எத்தனை அங்குலம் போடலாம் என்பதுதான். கேட்ட கையோடு கனபேர் தாங்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள்: நூற்றிருபது! யாழ்ப்பாணத்து வீடுகளில் படம் பார்க்க ஒதுக்கக்கூடிய அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி இருந்தாலே பெரிய விஷயம். அதற்குள் 120 வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்று அளந்தே பார்ப்போம். அளவு ரேப், நூல், பழைய பேப்பர், மாஸ்கிங் ரேப் இவ்வளவும் போதும்.

(கனடாவிலிருந்து வந்த பெட்டி என்றால், செருகுவதற்கு முதல் லேபலைப் பாருங்கோ. 100–240 வோல்ற் என்று இருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்றால் எங்கள் 230 வோல்றில் நேரே கொடுக்கவே கூடாது.)

படி 1: செற்றியிலிருந்து தொடங்குங்கோ

சுவரை அளக்க முதல், இருக்கப்போகும் இடத்தை முடிவு செய்யுங்கோ. செற்றியைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டாலும் உங்கள் கண் சுவரிலிருந்து இரண்டரை அடி முன்னுக்குத்தான் இருக்கும். ஆக, 12 அடி நீள அறையில் கண்ணிலிருந்து திரைக்கு ஒன்பதரை அடி, அதாவது 114 அங்குலம்.

இதை 1.6 ஆல் வகுத்தால் 71. 1.2 ஆல் வகுத்தால் 95. உங்கள் திரை இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கவேணும். முதல் கணக்கில் திரை கண்ணுக்கு முன்னால் ஏறக்குறைய 30 பாகை அகலத்துக்கு விரியும், ரீவி பார்ப்பதுபோல அலுப்பில்லாமல் இருக்கும். இரண்டாவதில் 40 பாகை, தியேட்டரின் நடுவரிசையில் இருக்கிற உணர்வு வரும். 120 அங்குலம் போட்டால் 49 பாகை. கீழே ஓடும் சப்டைட்டிலையும் மேலே முகத்தையும் மாறி மாறிப் பார்க்கக் கண் அலையும். முன்னுக்குப் பாய் போட்டு இருக்கிற பிள்ளைகளின் கழுத்தைச் சொல்லத் தேவையில்லை.

மலிவான புரொஜெக்டர்களில் "4கே சப்போர்ட்" என்று பெரிதாக எழுதியிருந்தாலும் உள்ளே உண்மையான தெளிவு 720 புள்ளி வரிகளாக இருக்கலாம். அப்படியென்றால் சின்ன எண்ணின் பக்கமே நில்லுங்கோ. பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

படி 2: மூலைவிட்டத்தை அகலமாக மாற்றுங்கோ

கடையில் சொல்லும் அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. 16:9 திரையில் (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு) அதை 0.87 ஆல் பெருக்கினால் அகலம், 0.49 ஆல் பெருக்கினால் உயரம். படி 1இன் எல்லைக்குள் வரும் 92 அங்குலத் திரையை எடுத்தால், அது 80 அங்குல அகலமும் 45 அங்குல உயரமும் வரும். 100 என்றால் 87க்கு 49. 120 என்றால் 105க்கு 59.

பத்தடிச் சுவர் 120 அங்குலம். 92ஐ நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் இருபது அங்குலம் மிஞ்சும், ஸ்பீக்கர் வைக்கலாம். 120ஐ வைத்தால் பக்கத்துக்கு மிஞ்சுவது ஏழரை அங்குலம்.

படி 3: பேப்பரை ஒட்டிப் பாருங்கோ

காசு கொடுக்க முதல் கட்டாயம் செய்யவேண்டியது இதுதான். 80க்கு 45 அளவில் பழைய பேப்பர்களைச் சுவரில் மாஸ்கிங் ரேப்பால் ஒட்டுங்கோ. கீழ்விளிம்பு நிலத்திலிருந்து 28, 30 அங்குலத்தில் இருக்கட்டும். செற்றியில் இருக்கும்போது கண்மட்டம் நாற்பது அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். அது திரையின் கீழ் மூன்றிலொரு பங்கில் விழுந்தால் சரி.

இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிடுங்கோ. கதவு திறக்கும்போது இடிக்கிறதா, சுவிற்ச் மறைகிறதா, அம்மா "இதென்ன கோலம்" என்கிறாவா, எல்லாம் தெரிந்துவிடும்.

சினிமாஸ்கோப் (16:9ஐவிட அகலமாக எடுத்த) படம் ஓடினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். 92இல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறு அங்குலம். அது பழுதல்ல.

படி 4: புரொஜெக்டருக்கு இடம் இருக்கிறதா?

புரொஜெக்டரோடு வரும் புத்தகத்தில் "த்ரோ ரேஷியோ" என்று ஓர் எண் இருக்கும். திரையின் அகலத்தை அதால் பெருக்கினால் லென்ஸ் எவ்வளவு தள்ளி நிற்கவேணும் என்பது வரும். 1.5 என்று வைத்துக்கொண்டால் 92க்கு 120 அங்குலம், சரியாகப் பத்தடி. பின்னால் பெட்டிக்கும் வயருக்கும் காற்றோட்டத்துக்கும் இரண்டடி மிஞ்சும். 100க்குப் பதினொரு அடி, இறுக்கம். 120க்குப் பதின்மூன்றடிக்கு மேல்! சுவரை உடைத்தால்தான் உண்டு. கிட்ட வைத்தே பெரிய படம் காட்டும் ஷோர்ட் த்ரோ வகை என்றால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் படி 1இன் கணக்கு அதற்கும் மாறாது.

இனி ஃபேன். எங்கள் அறைகளில் கொக்கி நடு முகட்டில்தான் இருக்கும், புரொஜெக்டரின் ஒளியும் அந்த வழியால்தான் வரும். இறகு குறுக்கே வெட்டினால் படம் முழுக்கத் துடிக்கும். லென்ஸ் வரப்போகும் இடத்தில் ஒருவர் நூலைப் பிடிக்க, மற்றவர் அதைப் பேப்பரின் மேல் மூலைகள் இரண்டுக்கும் இழுத்துப் பார்க்கட்டும். நூல் இறகில் முட்டினால் ஃபேன் தடியைக் கட்டையாக்கலாம், அல்லது புரொஜெக்டரைக் கொஞ்சம் கீழே இறக்கலாம். வைகாசி வெக்கையில் ஃபேனை நிறுத்திவிட்டுப் படம் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதேயுங்கோ.

சரித்து வைத்துவிட்டு, கோணலாக விழும் படத்தைக் கீஸ்டோன் என்ற வசதியால் நேராக்குவதையும் தவிருங்கோ. படத்தின் தெளிவில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும்.

படி 5: வெளிச்சக் கணக்கு

92 அங்குலத் திரையின் பரப்பு 25 சதுர அடி, 120இன் பரப்பு ஏறக்குறைய 43. அதே வெளிச்சம் அவ்வளவு இடத்துக்கும் பரவவேணும். இருட்டறையில் சாதாரண வெள்ளைத் திரைக்கு ஒரு சதுர அடிக்கு 16 ஆன்சி லூமன் (முறைப்படி அளந்த வெளிச்ச அளவு) இருந்தால் படம் வடிவாக இருக்கும். 25ஐப் பதினாறால் பெருக்கினால் 400. 120க்கு கிட்டத்தட்ட 690 வேணும். பெட்டியில் "ஆன்சி" என்ற சொல் இல்லாமல் ஆயிரக்கணக்கில் லூமன் போட்டிருந்தால் அந்த எண்ணை நம்பவேண்டாம். யன்னலுக்குத் தடித்த சீலை போடுங்கோ. திரைக்குப் பக்கத்துச் சுவர்கள் பளிச்சென்ற வெள்ளையாக இருந்தால் அவை திருப்பி எறியும் ஒளியே கறுப்பைச் சாம்பலாக்கிவிடும்.

கடைக்குப் போகும்போது

சுருட்டுத் திரை வாங்குகிறீர்கள் என்றால் உறையின் முழு நீளத்தையும் கேளுங்கோ. அது படத்தின் அகலத்தைவிடக் கூட. சொல்லும் அங்குலம் கறுப்புக் கரையைச் சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் கேளுங்கோ. 4:3 திரையை (பழைய ரீவியின் வடிவம்) அதே "100" என்று தந்தால் அகலம் 80 அங்குலம்தான் இருக்கும். கையில் ரேப்போடு போய், விரித்துக் காட்டச் சொல்லி வெள்ளைப் பகுதியை மட்டும் அளந்து வாங்குங்கோ.