பெரிய எண்ணை விரைவாக வகைப்படுத்த ஒரு வழி

சாதாரண தரப் பரீட்சைக்குக் கணிதம் படிக்கும் மலையக மாணவர்கள், ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பஸ்ஸில் கொடுக்கப்படும் டிக்கெட்டின் இலக்கத்தைக்கூடப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். 348257 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அது ஒற்றை எண். இலக்கங்களின் கூட்டுத்தொகை 29 ஆகையால் 3 ஆலும், கடைசி இலக்கம் 7 ஆகையால் 5 ஆலும் வகுபடாது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலர் தயங்குவது 7, 11, 13 ஆகியவற்றில்தான்.

1001 என்பது 7 × 11 × 13 ஆக இருப்பதால், ஆறிலக்க எண்ணை மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மீதியை மட்டும் சோதித்தால் போதும். இங்கே 348 − 257 = 91, அதாவது 348257 = 348 × 1001 − 91; இந்த 91 என்பது 7 × 13. ஆகவே முழு எண்ணும் 7 ஆலும் 13 ஆலும் வகுபடும், 11 ஆல் வகுபடாது. மூன்று சோதனைகள் ஒரே கழித்தலில் முடிந்துவிடுகின்றன என்பதே இம்முறையின் அழகு.

91 ஆல் வகுத்தால் 3827 கிடைக்கும். இதன் வர்க்கமூலம் 62 ஐ விடச் சற்றுக் குறைவு என்பதால், 61 வரையுள்ள முதன்மை எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும்; நேரடியாக முயன்றிருந்தால் 587 வரை போகவேண்டியிருந்திருக்கும். 43 இல் விடை அகப்படுகிறது: 43 × 89.

எனவே 348257 = 7 × 13 × 43 × 89. நான்கும் வெவ்வேறு முதன்மைக் காரணிகள் என்பதால், 1 ஐத் தவிர எந்த வர்க்க எண்ணும் இதை வகுக்காது; மொத்தக் காரணிகள் 2 × 2 × 2 × 2 = 16. தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகை 95263 மட்டுமே, அதாவது எண்ணை விடக் குறைவு ஆகையால், இது குறைவெண் வகையைச் சேர்ந்தது.