அணையின் அடிச்சேற்றை அள்ளப் போகிறீர்களா? நீலகிரி நீர்த்தேக்க ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலில் காற்றாலை நடுவதற்கு முன் படுகை மணலா சேறா, அதில் என்னென்ன வாழ்கின்றன என்று பார்ப்பது போன்ற வேலை மலைமேலும் உண்டு. 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டத்துக்குப் போர்த்திமந்து மேல் நீர்த்தேக்கம், அவலாஞ்சி-எமரால்டு கீழ் நீர்த்தேக்கம். இதுபோன்ற திட்டமோ, மிதக்கும் சூரியத் தகடுகளோ, தூர்வாரலோ, எதுவானாலும் வேலைக்கு முந்தைய நிலையைப் பதிவுசெய்ய ஒரே ஒரு வாய்ப்புதான். முதல் இயந்திரம் இறங்கிவிட்டால் அந்த நிலையை மறுபடி அளக்க வழியில்லை. கடலுக்கும் சமவெளி ஏரிக்கும் வகுத்த முறையை மாற்றாமல் மலைக்குக் கொண்டுவருவதால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஆழத்தை வெறும் ஆழமாக எழுதுவது. மின்சாரத்துக்காக நீர் திறக்கும் அணையில் மட்டம் நிற்பதில்லை. ஜனவரியில் 12 மீட்டர் ஆழத்தில் இருந்த இடம், மட்டம் 9 மீட்டர் இறங்கிய பிறகு 3 மீட்டர் ஆழத்தில் இருக்கும். இரண்டு பயணங்களின் '12 மீட்டர்' மாதிரிகளை ஒப்பிட்டால் இரண்டு வேறு இடங்களைத்தான் ஒப்பிடுகிறீர்கள். அன்றைய அணை மட்டத்தை அளவுகோலில் காலையும் மாலையும் குறித்து, அதிலிருந்து ஆழத்தைக் கழியுங்கள். கிடைக்கும் உயரம்தான் அந்த இடத்தின் நிலையான முகவரி.

இதோடு சேர்ந்த இன்னொன்று: அந்த இடம் எத்தனை நாளாக நீரில் மூழ்கியிருக்கிறது? கோடையில் வெயிலில் வெடித்துக் கிடந்த சேறு, நீர் ஏறி இரண்டு வாரத்தில் உயிரினங்களால் நிரம்பிவிடாது. அங்கே கிராப்பை (அடிச்சேற்றைக் கவ்வி அள்ளும் கருவி) இறக்கிவிட்டு 'உயிர்வளம் குறைவு' என்று எழுதினால், திட்டம் கெடுக்க ஒன்றுமில்லை என்ற பொய்த் தோற்றம் வந்துவிடும். மின்வாரியத்திடம் கடந்த பல ஆண்டுகளின் மட்டப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, எப்போதும் நீருக்குள் இருப்பது, சில ஆண்டுகளில் மட்டும் காய்வது, ஆண்டுதோறும் காய்வது என மூன்று பட்டைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் மாதிரி வேண்டும்.

ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரில் ஒலிவேகத்தைப் பார்க்காமல் விடுவதும் வழக்கம். கருவி பெரும்பாலும் கடல்நீருக்கான 1,500 மீட்டர்/விநாடியில் இருக்கும். 15 டிகிரி நன்னீரில் அது சுமார் 1,466தான். 30 மீட்டர் ஆழத்தில் இதனால் வரும் பிழை 70 சென்டிமீட்டர். வண்டலின் கனத்தைக் கணக்கிடும்போது இந்தப் பிழை உங்கள் முடிவையே விழுங்கிவிடும்.

ஆக்சிஜன் அளவில் மலையே ஏமாற்றும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான், ஏறத்தாழ 795 மில்லிபார். 15 டிகிரி நீர் கடல்மட்டத்தில் லிட்டருக்குச் சுமார் 10.1 மில்லிகிராம் ஆக்சிஜன் ஏற்கும், இங்கே 7.9 வந்தாலே முழு நிறைவு. கடல்மட்ட அட்டவணையை வைத்துப் பார்த்தால் நல்ல நீர் 78 சதவீதம் என்று வரும். கருவியைக் கரையிலேயே அளவுத்திருத்தம் செய்யுங்கள். செல்போன் வானிலைச் செயலி காட்டும் 1,013 போன்ற எண்ணைக் கருவியில் ஏற்றாதீர்கள். அது கடல்மட்டத்துக்கு மாற்றப்பட்ட அழுத்தம். அடிநீரில் அளக்கும்போது புரோப் (நீரில் இறக்கும் அளவி முனை) சேற்றைத் தொடாமல் அரை மீட்டர் மேலே நிற்கட்டும்.

இனி கிராப். சேற்றுக்கு எக்மேன் கிராப் போதும். 15-க்கு 15 சென்டிமீட்டர் வாய், அதாவது 0.0225 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு மாற்ற 44.4-ஆல் பெருக்க வேண்டும் என்பதால் ஒரு புழு தவறினால் கணக்கில் 44 தவறும். ஓர் இடத்தில் குறைந்தது மூன்று தடவை அள்ளி, மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். ஒரே வாளியில் கொட்டிவிட்டால் அவற்றுக்குள் எவ்வளவு வேறுபாடு என்பது தெரியாமலே போய்விடும். கடைசி ஒரு மீட்டரை மெதுவாக இறக்குங்கள். தொப்பென்று விழுந்தால் மேலடுக்கின் லேசான சேறு பறந்துவிடும். சீகை, யூகலிப்டஸ் குச்சிகள் தாடையில் சிக்கி வாய் திறந்தபடி மேலே வந்தால், அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு மறுபடி அள்ளுங்கள். தோல்வியையும் குறித்துவையுங்கள், அங்கே அடியில் மரக்கட்டை கிடக்கிறது என்பதும் தகவல்தானே. ஓடை வந்து சேரும் சரளைப் பகுதியில் எக்மேன் எடுபடாது, கனமான வேன் வீன் கிராப் வேண்டும். ஆனால் இரண்டு கருவிகளின் எண்களை ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள்.

கடல் ஆய்வில் பல இடங்களில் 1 மில்லிமீட்டர் சல்லடை பழக்கம். இங்கே அது ஆகாது. கைரோனோமிட் (கொசு போன்ற பூச்சி) இளம்புழுக்களும் மெல்லிய மண்புழு இனங்களும் அதில் நழுவிவிடும், 0.5 மில்லிமீட்டர் எடுங்கள். குழாய்நீரைப் பீய்ச்சாமல், தொட்டி நீரில் சல்லடையை அசைத்து அலசுங்கள். செம்மண் களி உருண்டைகளைக் கையால் நசுக்கினால் புழுவும் நசுங்கும், ஊறவிடுங்கள். அழுகாமல் பதப்படுத்த, கடை ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர், கொஞ்சம் போராக்ஸ். பாட்டிலில் பாதிக்கு மேல் சேறு இருந்தால் மருந்து நீர்த்து, உள்ளே இருப்பது அழுகும். டிஎன்ஏ பார்க்கும் எண்ணம் இருந்தால் ஃபார்மலினைத் தொடவே கூடாது; அந்தப் பங்கை 95 சதவீத எத்தனாலில் போடுங்கள்.

வண்டல் சோதனைக்குத் தனி அள்ளல், மேல் 2 சென்டிமீட்டர் மட்டும். தேயிலைச் சரிவுகளில் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து தெளிப்பதால் இங்கே தாமிரத்தை அளக்காமல் விட முடியாது. அப்படியிருக்க, பித்தளை பாகங்கள் கொண்ட கிராப்பில், விளிம்பை ஒட்டிய சேற்றை எடுத்தால் வந்த தாமிரம் தோட்டத்துடையதா கருவியுடையதா? நடுப்பகுதியிலிருந்து பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். பூச்சிக்கொல்லிக்கு நேர்மாறு, எஃகுக் கரண்டியும் கண்ணாடிப் பாட்டிலும்.

கரிமப் பொருளை அறிய 550 டிகிரியில் எரித்து எடைக்குறைவு பார்ப்பது எளிய வழி. செம்மண் களிமண்ணில் அது மிகையாகக் காட்டும். களிமத் தாதுக்களும் இரும்புத் தாதுக்களும் தமக்குள் பிணைந்திருக்கும் நீரை அந்த வெப்பத்தில் விட்டுவிடும், அதுவும் எடைக்குறைவாகவே கணக்கில் ஏறும். சில மாதிரிகளையாவது கார்பன் அளவீட்டோடு ஒப்பிட்டு, எவ்வளவு மிகை என்று பாருங்கள்.

ஒப்பீட்டுக்கு ஒரு தொடாத இடம் வேண்டும். எமரால்டில் வேலை நடக்கும்போது அவலாஞ்சியை அப்படி வைக்க முடியாது, இரண்டும் இணைந்தவை. அதேபோல் பருவம்: மேற்கே அவலாஞ்சிக்கும் மேல்பவானிக்கும் தென்மேற்குப் பருவமழைதான் பிரதானம், கோத்தகிரிப் பக்கமும் பழனி மலையில் கொடைக்கானலும் அக்டோபர், நவம்பர் மழையை நம்பியவை. ஒரே நாட்காட்டி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு பயணங்களாவது தேவை. இளம்புழுக்கள் கொசு போன்ற பூச்சிகளாகிப் பறந்துபோன வாரத்தில் மட்டும் அள்ளினால் சேறு வெறுமையாகத் தெரியும்.

இனம் கண்ட பிறகு உயிரிகளை வீசாதீர்கள். 70 சதவீத ஆல்கஹாலில் வையுங்கள், பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.