மேக்லாங் ஆற்றில் அரைநாள் படகுப் பயணம்: பலரும் செய்யும் தவறுகள்

பாங்காக் போய்வந்தவர்களிடம் மிதக்கும் சந்தை எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "ஒரே கூட்டம், வெயில், எதைத் தொட்டாலும் விலை" என்பார்கள். அது பொய்யில்லை. தம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தையில் காலை பத்து மணிக்குப் படகு ஏறினால் அப்படித்தான் இருக்கும். முன்னால் போகிற படகின் முதுகைப் பார்த்தபடி, ஃப்ரிட்ஜில் ஒட்டும் யானைப் பொம்மை விற்கிற கடைகளுக்கு நடுவே அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டுத் திரும்புவீர்கள்.

அதே கால்வாயில் இன்னும் கொஞ்ச தூரம் போய், ஒரு கிளை வாய்க்காலில் திரும்பினால் ஊரே வேறாகிவிடும். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. உயரமான மேட்டுப் பாத்திகள், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் நிற்கும் சால். பம்பளிமாஸும் லிச்சியும் வாழையும் கலந்து நிற்கும். வீடுகளின் வாசல் தண்ணீரைப் பார்த்திருக்கும். கடைசிப் படியில் உட்கார்ந்து ஒரு பாட்டி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். தாய்லாந்தின் கிராமத்தைப் படகிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். என் கணக்கில் முதல் தவறு, சந்தையையே பயணம் என்று நினைத்துக்கொள்வது. மற்ற தவறுகள் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

நான் சொல்வது பாங்காக்குக்குத் தென்மேற்கே, ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் மேக்லாங் ஆற்றுப் பகுதி. நான்காம் ராமா மன்னர் காலத்தில் 1866-இல் தொடங்கி 1868-இல் திறந்த தம்னோன் சதுவாக் கால்வாய், சுமார் 32 கிலோமீட்டர் ஓடி மேக்லாங்கையும் தா சீன் ஆற்றையும் இணைக்கிறது. அதிலிருந்து பிரிந்த சின்னச் சின்னக் கால்வாய்களுக்குக் கணக்கே இல்லை. 'க்ளோங்' என்பார்கள். அந்தச் சொல் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் வழி கேட்பது சுலபம்.

கிழமை பார்க்காமல் கிளம்புவது

நான் முதல் தடவை அம்பவா மிதக்கும் சந்தைக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. வரிசையாக மரக்கடைகள், வரிசையாகப் பூட்டு. ஒரு நாய் மட்டும் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. அம்பவா சந்தை வெள்ளி, சனி, ஞாயிறுதான். அதுவும் மதியத்துக்கு மேல்தான் களைகட்டும். இரவு வரை நடக்கும். தம்னோன் சதுவாக் இதற்கு நேர்மாறு. எல்லா நாளும் உண்டு, ஆனால் காலையில்தான். சுற்றுலாப் பேருந்துகள் ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் வந்து குவியும். ஏழு மணிக்கு அங்கே இருக்க முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் விட்டுவிடலாம்.

நான் யாருக்கும் முதலில் சொல்வது தா கா. அம்பவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சந்தை. இதன் நாள் கணக்கைக் கேட்டால் நம்மவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். வளர்பிறையிலும் தேய்பிறையிலும் 2, 7, 12-ஆம் நாள். அதாவது துவிதியை, சப்தமி, துவாதசி. தாய்லாந்துப் பிறைக்கணக்கு நம் காலண்டருக்கு ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்பதால் தங்கும் விடுதியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது சனி, ஞாயிறுகளிலும் கூடுகிறது. காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிந்துவிடும். தோட்டத்துக்காரர்களே தங்கள் காய்கனிகளைப் படகில் கொண்டுவந்து விற்பார்கள். அங்கிருந்து துடுப்புப் படகில் தோப்புக்குள் கூட்டிப்போவார்கள்.

முதல் படகுத்துறையிலேயே பணம் கட்டுவது

தம்னோன் சதுவாக்கில் இது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. வாடகைக் கார் சந்தைக்குப் போகாது. அதற்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே ஒரு தனியார் படகுத்துறையில் நிற்கும். "இங்கிருந்து படகில்தான் போக முடியும்" என்பார் ஓட்டுநர். அது உண்மையில்லை, சந்தைக்கு நடந்தே போகலாம், சாலை உண்டு. துறையில் பிளாஸ்டிக் உறைபோட்ட விலைப்பட்டியலைக் காட்டுவார்கள். என்னிடம் ஒருமுறை ஆளுக்கு 2,000 பாட் என்றார்கள். வேண்டாம் என்று நடக்கத் தொடங்கியதும், வாசலைத் தாண்டுவதற்குள் அது முழுப் படகுக்கும் சேர்த்து 1,000 ஆகிவிட்டது. ஓட்டுநருக்குப் போகும் கமிஷனும் அந்த விலைக்குள்தான் இருக்கிறது.

கேட்க வேண்டியது மூன்றே மூன்று. விலை ஆளுக்கா, படகுக்கா? எத்தனை நேரம்? எங்கெங்கே நிற்கும்? ஆளுக்கு எவ்வளவு என்பதற்கு 'கோன் லா தாவ்ராய்' என்பார்கள். படகு முழுவதையும் பேசி எடுப்பதற்கு 'மாவ் லம்'. தொகையை கால்குலேட்டரில் தட்டிக் காட்டச் சொல்லி, அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு இல்லை, இறங்கும்போது இரண்டு பேருக்கும் ஞாபகம் ஒன்றாக இருக்கட்டும் என்றுதான். அம்பவாவில் வார இறுதியில் பலரோடு சேர்ந்து போகும் கோயில் சுற்றுப் படகு ஆளுக்கு ஐம்பது, அறுபது பாட்டில் முடிந்த காலத்தில் போனேன். தனிப் படகு எடுத்தால்தான் நல்ல பயணம் என்பதும் தவறான எண்ணமே.

சத்தத்தை வாங்கிக்கொண்டு வருவது

தாய்லாந்து என்றதும் கண்ணில் வருவது அந்த நீளவால் படகுதான். 'ருவா ஹாங் யாவ்'. கார், லாரியிலிருந்து கழற்றிய எஞ்சினைப் பின்பக்கம் ஒரு அச்சில் பொருத்தி, அதிலிருந்து நீளமாக ஒரு தண்டை நீட்டி, அதன் நுனியில் சுழலியை மாட்டியிருப்பார்கள். ஓட்டுபவர் எஞ்சின் மொத்தத்தையும் கையால் திருப்பித் திசை மாற்றுவார். பார்க்க அழகு. ஆனால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. கரையில் இருக்கும் கொக்கும் மீன்கொத்தியும் நீங்கள் வருவதற்குள் பறந்துவிடும்.

ஆற்றின் அகலமான பகுதியைக் கடக்க எஞ்சின் வேண்டும். கோயில் கோயிலாகப் போகவும் அதுதான் சரி. தோப்புக்குள் போவதற்குத் துடுப்புப் படகு, 'ருவா பாய்'. அரை நாளில் இரண்டையும் செய்யலாம்: ஒரு மணி நேரம் எஞ்சின், ஒரு மணி நேரம் துடுப்பு, மீதி நேரம் கரையில். துடுப்பு போடுபவர் பெரும்பாலும் அறுபதைக் கடந்த ஒரு அம்மாவாக இருப்பார். அவரை 'பா' என்று கூப்பிட வேண்டும், பெரியம்மா என்று அர்த்தம். அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி நமக்குத்தான் நாக்கு தடுமாறும். ஆணாக இருந்தால் 'லுங்'. எஞ்சின் படகில் வேகம் குறைக்கச் சொல்ல 'சா சா' என்றால் போதும்.

எஞ்சின் படகில் எங்கே உட்காருவது? நுனியில் உட்கார்ந்தால் எதிர்ப்படகின் அலை முகத்தில் அடிக்கும், பின்னால் உட்கார்ந்தால் காது போகும். நடுவில் உட்காருங்கள். ஏறும்போது படகின் விளிம்பில் கால் வைக்காமல், குனிந்து நடுப்பலகையில் வையுங்கள். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: விளிம்பின் மேல் கையைத் தொங்கப்போடாதீர்கள். நெரிசலான சந்தைக்குள் படகும் படகும் உரசிக்கொண்டேதான் போகும். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே விரல் மாட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எனக்கு முன்னால் போன படகில் ஒரு சிறுவன் கையை வெளியே நீட்டியிருந்தான். 'பா' ஒன்றும் பேசாமல் துடுப்பின் கைப்பிடியால் அவன் முழங்கையை லேசாகத் தட்டி உள்ளே தள்ளினார். அப்புறம் வழக்கம்போல் துழாவத் தொடங்கினார்.

உயிர்காப்பு உடுப்பு கொடுத்தால் மாட்டிக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் கேளுங்கள். குழந்தையோடு போகிறவர்கள் அது இல்லாத படகில் ஏறவே வேண்டாம்.

தண்ணீர் ஏறுவதும் வடிவதும்

இதை யோசிப்பவர்கள் மிகக் குறைவு. அம்பவாவிலிருந்து கடல் ரொம்ப தூரமில்லை. கால்வாய்களுக்குள் ஓதம் வந்துபோகும். தண்ணீர் வடிந்த நேரத்தில் போனால் கரை முழுக்க சேறு, படிக்கட்டு தலைக்கு மேலே நிற்கும், சில சின்னக் கால்வாய்களுக்குள் படகு நுழையாது. ரொம்ப ஏறிய நேரத்தில் தாழ்வான பாலங்களுக்கு அடியில் எல்லோரும் மடியில் தலைவைத்துக் குனிய வேண்டும். முதல் நாள் மாலையே விடுதிக்காரரிடம் "நாளைக்குத் தண்ணீர் எப்போது ஏறும்?" என்று கேட்டுவிட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள்.

மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை. மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும் என்பதால் காலைப் பயணத்துக்குப் பெரிய தடையில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம். ஏப்ரல் வெயிலில் கூரையில்லாத படகில் மூன்று மணி நேரம் என்பது நானாக இருந்தால் செய்ய மாட்டேன். தொப்பி, தண்ணீர் பாட்டில், கைப்பேசிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பு, இருபது பாட் நோட்டுகளாகச் சில்லறை. இவ்வளவுதான் மூட்டை.

வழியில் வரும் கோயில்களுக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். வாட் பாங் குங் கட்டாயம் பார்க்க வேண்டியது. செங்கல் மண்டபம் முழுவதையும் ஆலமர வேர்கள் கட்டிப்பிடித்திருக்கின்றன. மண்டபம் மரத்தைத் தாங்குகிறதா, மரம் மண்டபத்தைத் தாங்குகிறதா என்று தெரியாது. உள்ளே புத்தருக்குத் தங்க இலை ஒட்டுவார்கள்.

சாப்பாட்டில்

சைவக்காரர்கள் "நோ மீட்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். வெறும் காய்கறி வதக்கலிலும் மீன் சாறு இருக்கும், பப்பாளிக்காய் சாலட்டில் உலர்ந்த இறால் இருக்கும். அங்கே சொல்ல வேண்டிய சொல் 'ஜே'. இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பூண்டு, வெங்காயம் கூட இல்லாத உணவு அது. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை என்றால் அதுதான். படகில் விற்பதில் சைவர்களுக்குப் பயமில்லாதவை இளநீரும் மாம்பழம் வைத்த தேங்காய்ப்பால் சோறும்.

மீன் சாப்பிடுபவர்கள் 'ப்லா தூ'வை விடக்கூடாது. நம் கானாங்கெளுத்தியின் நெருங்கிய சொந்தம். மேக்லாங் ப்லா தூவுக்குத் தனிப் பெயர். சின்ன மூங்கில் கூடைக்குள் அடங்குவதற்காகக் கழுத்தை ஒடித்து, தலையைக் குனிய வைத்து அடுக்கி அவித்திருப்பார்கள். பார்த்தால் கூடையில் மூன்று பேர் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

தென்னஞ்சர்க்கரை வாங்குவதிலும் ஒரு தவறு நடக்கிறது. தோப்புக்குள் இன்னும் பாளை சீவிப் பதநீர் இறக்குகிறார்கள். நம்மூரில் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவோம். அங்கே 'பயோம்' என்ற மரத்தின் சீவலைப் போடுகிறார்கள். பெரிய இரும்புச் சட்டியில் காய்ச்சி, பாகு வந்ததும் இறக்கி வேகமாகக் கடைந்து, கெட்டியாகத் தொடங்கும்போது அச்சில் ஊற்றுவார்கள். சந்தைக் கடையில் கல் மாதிரி உறுதியாக, ஒரே அளவில் அடுக்கியிருப்பதில் பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரை கலந்திருக்கும். சுத்தமானது மெத்தென்று இருக்கும், வெயிலில் இளகும். அடுப்புக்குப் பக்கத்திலேயே வாங்குங்கள், டப்பாவில் போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

உடும்பு

கால்வாயில் ஆறடி நீள நீர் உடும்பு நீந்திப் போனால் "முதலை!" என்று கத்தாதீர்கள். அதன் தாய்லாந்து மொழிப் பெயரைக் கற்றுக்கொண்டு கத்துவது இன்னும் மோசம். அது அங்கே கெட்ட வார்த்தை. உள்ளூர்க்காரர்கள் கூச்சப்பட்டு அதை 'வெள்ளி தங்கம்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். சந்தையில் தேவாங்கை, மலைப்பாம்பை நீட்டிப் படமெடுக்கக் கூப்பிட்டால் கடந்து போங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும்

காலையில் ரயில் சந்தை, பிறகு மிதக்கும் சந்தை, மதியம் காஞ்சனபுரிப் பாலம், இரவு பாங்காக். இப்படி ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள், நம்மவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். காரில் உட்கார்ந்த நேரம் படகில் உட்கார்ந்த நேரத்தைப் போல நான்கு மடங்கு ஆகிவிடும். காஞ்சனபுரிக்குத் தனி நாள் வைக்க நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. க்வாய் யாய், க்வாய் நொய் இரண்டும் அங்கே கூடித்தான் மேக்லாங் ஆறு பிறக்கிறது. இரண்டாம் உலகப்போரில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட சயாம்–பர்மா ரயில் பாதை அந்த க்வாய் நொய் கரையோரமாகத்தான் போகிறது. ஒரு புகைப்படத்துக்காகப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வரும் இடமில்லை அது.

படகோடு சேர்த்துப் பார்க்க ஏற்றது மேக்லாங் ரயில் சந்தை மட்டும்தான். தண்டவாளத்தின் மேலேயே காய்கறிக் கூடைகள் இருக்கும், ரயில் வரும்போது கூடாரத் துணிகளை மடக்குவார்கள். ஒரு நாளைக்கு நான்கு வண்டிதான் வரும். காலை 8.30, 11.10, பிற்பகல் 2.30, மாலை 5.40 என்பது வழக்கமான வருகை நேரம், ஸ்டேஷனில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தா காவில் காலையில் துடுப்புப் படகு, 11.10 ரயில், மதியச் சாப்பாடு என்றால் அரை நாள் சரியாக இருக்கும்.

திரும்பி ரயிலில் போகலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: மேக்லாங்கிலிருந்து கடைசி வண்டி பிற்பகல் 3.30-க்கு. அதுவும் பான் லேம் வரைதான். அங்கே இறங்கி, தா சீன் ஆற்றைப் படகில் கடந்து, மகாச்சாயில் வேறு ரயில் ஏறினால்தான் பாங்காக்கின் வோங்வியன் யாய். மாலை அம்பவாவில் தங்கி மின்மினிப் பூச்சி பார்க்கப் போகிறவர்கள் இரவு தங்கிவிடுவதே நல்லது. நிலா இல்லாத நாளாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். கரையோரம் குடியிருப்பவர்கள் எஞ்சின் இரைச்சல் தாங்காமல் மின்மினி தங்கும் லம்பூ மரங்களையே வெட்டியதும் உண்டு என்பதால், அந்தப் பயணத்துக்கும் எஞ்சினை அணைக்கச் சம்மதிக்கும் படகோட்டியாகப் பார்த்து ஏறுங்கள். தங்கினால் விடியற்காலையில் எழுந்து வீட்டுப் படிக்கட்டில் உட்காருங்கள். ஆறு, ஆறரைக்கு ஒரு பிட்சு தனியாகச் சின்னப் படகைத் துழாவிக்கொண்டு ஒவ்வொரு படிக்கட்டாக வருவார்.